கோட்டையில் ஒரு திருவிழா

நம்முடன் கல்லூரியில் ஒரே அறையில் தங்கிப் படித்த நண்பர் ஒருவர் இப்போது இங்கிலாந்தில் உத்தியோகம் பார்க்கிறார். சென்ற மாதம் அவர் சில புகைப்படங்கள் அனுப்பியிருந்தார். பழைய காலத்துக் கோட்டை ஒன்று. அதைச் சூழ்ந்த புல்வெளியில் கூடாரங்கள். இரும்புக் கவசம் பூண்ட ஆட்கள் குதிரைமேல் ஈட்டியும் கையுமாக நிற்கிறார்கள். ஒரு பக்கம் கொல்லன் துருத்தி ஊதுகிறான். மற்றொரு பக்கம் ஸ்திரீகள் கம்பளி நூற்கிறார்கள். நடுவே நண்பரின் எட்டு வயதுப் புதல்வன், தலையில் தகரக் குல்லாயும் இடுப்பில் மரக்கத்தியுமாக, ஒரு ராஜ்யத்தைக் கவிழ்க்கப் புறப்பட்டவன் போல் முறைத்துக்கொண்டிருக்கிறான். "சனி, ஞாயிறு இரண்டு நாளும் குடும்பத்தோடு இங்கேதான் வாசம். நம் ஊர்ப் பக்கத்தில் இல்லாத கோட்டையா? ஏன் அங்கே இப்படி ஒன்றும் செய்வதில்லை?" என்று கடிதத்தில் ஒரு கேள்வியும் போட்டிருந்தார்.

கேள்வி நியாயமானதுதான். திருப்பத்தூரில் உட்கார்ந்துகொண்டு கோட்டைக்குப் பஞ்சம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். மேற்கே போனால் கிருஷ்ணகிரி மலைக்கோட்டை. ஜோலார்பேட்டையில் சென்னை ரயிலைப் பிடித்தால் ஆம்பூர்த் துர்க்கம். அதற்கும் அப்பால் வேலூர்க் கோட்டை. படங்களை நம் இல்லாளிடம் காட்டி, "வேலூர்க் கோட்டையில் இப்படி ஒரு திருவிழா நடந்தால் எப்படி இருக்கும்?" என்றோம். அவள் அடுப்படியிலிருந்து திரும்பாமலே, "அங்கே எத்தனை பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள் என்று நீங்கள்தானே வருஷா வருஷம் பாடம் சொல்லுகிறீர்கள்? இழவு விழுந்த வீட்டில் யாராவது பலூன் கட்டுவார்களா?" என்று கேட்டாள்.

நமக்குச் சட்டென்று பதில் தோன்றவில்லை. பதில் தோன்றாதபோது உபாத்தியாயர்கள் செய்யும் காரியம் ஒன்று உண்டு. மாணவர்களை உல்லாசப் பிரயாணம் அழைத்துப் போவது. ஜூலை பத்தாம் தேதியை அடுத்து வந்த சனிக்கிழமையன்று நம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேரும், துணைக்குப் பெற்றோர் சிலரும், நம் இல்லாளும் கட்டுச்சாதத்துடன் புறப்பட்டோம். ஜூலை பத்து எதற்கு என்று நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1806ஆம் வருஷம் அந்தத் தேதியில்தான் வேலூர்ச் சிப்பாய்கள் கும்பினியாருக்கு எதிராகத் துப்பாக்கியைத் திருப்பினார்கள். ஆண்டுதோறும் அன்று காலையில் கோட்டைக்கு எதிரே மக்கான் சந்திப்பில் இருக்கும் நினைவுத்தூணுக்கு அதிகாரிகளும் பழைய படைவீரர்களும் மலர்வளையம் வைத்து வணங்குகிறார்கள். செய்ய வேண்டிய மரியாதைதான். ஆனால் பள்ளிக்கூடத்து மணி அடிப்பதற்குள் அது முடிந்துபோகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு மலர்வளையத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

ஆம்பூர் நெருங்கியதும் வழக்கம்போல் தோல் வாடை ரயிலுக்குள் வந்தது. வெளியூர்க்காரர் சிலர் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். நம் பிள்ளைகள் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. அவர்களில் பாதிப் பேருடைய வீட்டு அடுப்பு எரிவது தோல் ஷாப்பாலும் ஷூ கம்பெனியாலுந்தான். துர்க்கத்தைக் காட்டி, 1749ல் இந்த ஊர்ப் போரில்தான் ஆர்க்காட்டு நவாப் அன்வருதீன் மாண்டார் என்றும், 1767ல் ஹைதர் அலி இந்தக் கோட்டையை ஏறக்குறைய ஒரு மாதம் முற்றுகையிட்டும் பிடிக்க முடியவில்லை என்றும் சொன்னோம். உள்ளே நின்று கோட்டையைக் காத்தவர்களில் பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்களே என்பதையும் சேர்த்துச் சொன்னோம். அதே கும்பினிப் பட்டாளத்துச் சிப்பாய்கள்தான் நாற்பது வருஷம் கழித்து வேலூரில் எதிர்த்து நின்றார்கள். இதைக் கேட்டு ஒரு பையன், "அப்போ அவங்க நம்ம கட்சியா, எதிர்க்கட்சியா ஸார்?" என்றான். கிரிக்கெட் ஆட்டத்துக்குப் பொருந்தும் கேள்வி சரித்திரத்துக்குப் பொருந்துவதில்லை என்று சமாளித்தோம்.

வேலூர்க் கோட்டையைப் பார்க்காத நேயர்களுக்கு ஒரு வார்த்தை. இது மலைமேல் இருக்கும் கோட்டையன்று. சமநிலத்தில் கருங்கல்லை அடுக்கி, சுற்றிலும் அகழி வெட்டி, அகழியில் நீர் நிரப்பிக் கட்டியது. பரப்பு 133 ஏக்கர். விஜயநகர அரசுக்கு அடங்கிய நாயக்கர்கள் பதினாறாம் நூற்றாண்டில் எடுப்பித்தார்கள். அவர்களில் சின்ன பொம்ம நாயக்கர் அப்பய்ய தீக்ஷிதருக்குப் பொன்னால் அபிஷேகம் செய்வித்த பெருமை உடையவர். உள்ளே ஒரு கோயில், ஒரு மசூதி, ஒரு மாதா கோவில். ஜலகண்டேசுவரர் ஆலயத்தில் நெடுங்காலம் மூலவர் இல்லாமலே இருந்து, 1981 மார்ச் 16ஆம் தேதிதான் சுவாமி மீண்டும் பிரதிஷ்டை ஆனார். அந்தக் கோயிலின் கல்யாண மண்டபத்தில் குதிரைமேல் பாயும் வீரர்களையும் யாளிகளையும் கல்லில் கண்டதும் பிள்ளைகள் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். லண்டன் நண்பர் அனுப்பிய படத்திலிருந்த குதிரைக்காரர்கள் இவற்றின் முன்னே கொஞ்சம் மெலிந்துதான் தெரிந்தார்கள் என்பதைத் தேசாபிமானத்தால் சொல்லவில்லை. சிற்பியின் கைக்காகச் சொல்லுகிறோம்.

மண்டபத்து நிழலில் கட்டுச்சாதத்தைப் பற்றிய பேச்சு எழுந்தது. கோயிலில் அது கூடாது என்று வெளியே ஒரு வேப்பமரத்தடிக்கு வந்தோம். அங்கேதான் நம் திருவிழாவின் முதல் கதையைச் சொன்னோம்.

1614ஆம் வருஷம். விஜயநகர சிம்மாசனத்தில் இருந்த இரண்டாம் வேங்கடபதி ராயர் காலமானார். அப்போது வேலூர்தான் ராஜதானி. ராயர் தம் தமையனார் மகன் ஸ்ரீரங்கனுக்குப் பட்டத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். ஜக்கராயன் என்னும் பிரபு அதை ஒப்பவில்லை. புது ராஜாவையும் அவருடைய குடும்பத்தையும் சிறையில் அடைத்தான். விசுவாசம் மாறாத தலைவர் ஒருவரே ஒருவர். வேலுகோடி யாசம நாயக்கர். அவருக்கோ சிறைக்குள் நுழைய வழியில்லை. அந்தக் காலத்தில் எந்தச் சிறைக்குள்ளும் தடையில்லாமல் போய் வரக்கூடியவர் யார்? அழுக்குத் துணி எடுக்கும் வண்ணார். ராஜாவின் பிள்ளைகளில் பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுவனை ஒரு வண்ணார் துணி மூட்டைக்குள் வைத்துக் கட்டி, காவலர் கண்ணெதிரே வெளியே சுமந்து வந்துவிட்டார். பிள்ளை பிழைத்தான். உள்ளே இருந்த மற்றவர் எல்லாரும் மாண்டார்கள். பிறகு காவிரிக் கரையில் தோப்பூர் என்னுமிடத்தில் பெரும்போர் நடந்து, ஜக்கராயன் மடிந்து, மூட்டையில் வந்த பையன் ராமதேவ ராயன் என்ற பெயரில் அரசனானான். அக்காலத்தில் இந்தப் பக்கம் இருந்த பர்ராதாஸ் என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் இதை விவரமாக எழுதி வைத்திருக்கிறார். அரசனுடைய பெயர் எழுதியாயிற்று. ஜக்கராயன் பெயரும் எழுதியாயிற்று. வண்ணாருடைய பெயரை மட்டும் சரித்திரப் புத்தகங்களில் காணோம்.

மூட்டைக்குள் தும்மல் வந்தால் என்ன செய்வது என்று பிள்ளைகள் வெகுநேரம் ஆலோசித்தார்கள். நம் இல்லாள் அன்று முதல்தடவையாகச் சிரித்தாள்.

நிற்க. அடுத்து 1806. இதைச் சிரிப்பில்லாமல்தான் சொல்ல வேண்டும்.

1799ல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்ட பிறகு, அவருடைய புதல்வர்களையும் அந்தப்புரத்தாரையும் கும்பினியார் இந்தக் கோட்டையில் கொண்டுவந்து வைத்தார்கள். 1805ல் சென்னைப் பட்டாளத்துத் தளபதி கிரடக் புதிய உடைச் சட்டங்களைப் பிறப்பித்தார். அணிவகுப்பில் நெற்றிக் குறி கூடாது, காதணி கூடாது, தாடி கூடாது, மீசையும் அளவோடு இருக்கவேண்டும். பிறகு தலைப்பாகையை மாற்றி, பார்வைக்குத் தொப்பி போலத் தோன்றும் ஒரு புதுத் தலையணியைக் கொடுத்தார்கள். அதில் தோலால் செய்த சின்னம் ஒன்று இருந்தது. பசுத்தோலோ பன்றித்தோலோ என்று ஹிந்துக்களும் முஸ்லிம்களும் ஒரே நேரத்தில் கலங்கினார்கள். மறுத்தவர்களுக்குச் சவுக்கடி கிடைத்தது. முஸ்தபா பேக் என்ற சிப்பாய் ஜூன் மாதமே, சதி நடக்கிறது என்று மேலதிகாரியிடம் போய்ச் சொன்னான். அவனைப் பைத்தியக்காரன் என்று தள்ளிவிட்டார்கள். ஜூலை 9ஆம் தேதி திப்புவின் மகள் ஒருத்திக்குக் கல்யாணம். மறுநாள் விடிவதற்கு முன்பே துப்பாக்கி வெடித்தது. தூக்கத்தில் இருந்த வெள்ளைச் சோல்ஜர்களையும் சிப்பாய்கள் சுட்டார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நோயாளிகளையும் விடவில்லை. கோட்டைத் தளபதி பான்கோர்ட் மாண்டார். அவருடைய மனைவி இரண்டு குழந்தைகளுடன் ஒளிந்து பிழைத்து, அந்த இரவைப் பற்றிப் பின்னால் எழுதியிருக்கிறார். மைசூர்க் கொடி ஏறிற்று. ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்ற அதிகாரி குதிரைப்படையுடன் காலையிலேயே வந்து சேர்ந்தார். பீரங்கியால் வாயிற்கதவு பிளந்தது. அரண்மனைக்குள் ஒளிந்திருந்த ஏறக்குறைய நூறு சிப்பாய்களை வெளியே இழுத்துச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். அன்று மாண்ட சிப்பாய்கள் முன்னூற்றைம்பதுக்குக் குறையமாட்டார்கள் என்பது பொதுவான கணக்கு. விசாரணைக்குப் பிறகு பீரங்கி வாயில் கட்டியும், சுட்டும், தூக்கிலிட்டும் இன்னும் பலரைக் கொன்றார்கள். உடைச் சட்டத்தைக் கும்பினியார் வாபஸ் வாங்கினார்கள். கவர்னர் பெண்டிங்கையும் தளபதி கிரடக்கையும் 1807ல் சீமைக்குத் திருப்பி அழைத்தார்கள். கில்லெஸ்பியைப் புகழ்ந்து பின்னாளில் ஹென்றி நியூபோல்ட் என்ற ஆங்கிலக் கவி ஒரு பாட்டே எழுதினார்.

பிள்ளைகள் மௌனமாக இருந்தார்கள். பிறகு ஒரு பெண் எழுந்தாள். தாயார் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி ஆம்பூருக்குப் போய் ஷூ மேல்பாகம் தைத்துவிட்டு இருட்டியபின் திரும்புகிறவர். "ஸார், தோல் அவ்வளவு கெட்டதா? எங்கம்மா தினமும் தோலைத்தானே மடியில போட்டுத் தைக்கிறாங்க?" என்றாள்.

இருபது வருஷமாக இந்தப் பாடத்தை நடத்துகிறோம். தோல் சின்னம் என்ற இரண்டு சொற்களை எத்தனையோ தடவை கரும்பலகையில் எழுதியிருக்கிறோம். இந்த வட்டாரத்தில், இந்தப் பிள்ளைகள் எதிரே, அந்தச் சொற்கள் எப்படிக் காதில் விழும் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. நாம் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தபோது, கூட வந்திருந்த ஒரு மாணவனின் தகப்பனார் — வாணியம்பாடியில் தோல் ஷாப்பில் வேலை செய்பவர் — "தோல் கெட்டதில்லம்மா. வேணுமான்னு கேக்காம ஒருத்தன் தலையில வெச்சான் பாரு, அதுதான் கெட்டது" என்றார்.

நல்ல பதில். நமக்கு உயிர் வந்தது. ஆனால் அது முழுப் பதிலன்று என்று நமக்கும் தெரியும். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தால் அவளுக்கும் தெரிந்ததாகத்தான் தோன்றிற்று. 1806ஆம் வருஷத்துச் சிப்பாயின் கோபத்தில் மானம் இருந்தது, மதம் இருந்தது, அவற்றோடு, தோலைத் தொடுகிறவனைத் தள்ளி வைக்கும் பழக்கமும் கலந்தே இருந்தது. நம் நாட்டு வீரத்தைச் சொல்லும்போது அந்தக் கலப்பை மறைத்துச் சொன்னால், ஷூ தைக்கும் தாயாரின் மகள் ஒருநாள் அதைத் தானே கண்டுபிடிப்பாள். அப்போது நாம் சொன்ன மற்றதையும் சேர்த்து நம்பாமல் போவாள். ஆகையால் அதையும் சொன்னோம். எளிதாக இருக்கவில்லை. கேட்டுவிட்டு அவள், "அந்தச் சின்னத்தைத் தைச்சுக் கொடுத்தவங்களுக்கும் அடி விழுந்ததா ஸார்?" என்றாள். முஸ்தபா பேக் செய்தது சரியா தப்பா என்று பையன்கள் ஒரு சண்டையைத் தொடங்கினார்கள். நாம் நன்றியோடு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருவோம். மேல்நாட்டார் இந்தக் கலையில் நமக்கு முன்னால் போய்விட்டார்கள் என்பது மெய். ஸ்வீடனில் விஸ்பி என்ற மதில் சூழ்ந்த பட்டணத்தில் 1984 முதல் ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் ஒரு வாரம் ஊரே பழைய காலத்து உடைக்கு மாறுகிறது. பிரான்ஸ் தேசத்தில் கெதெலோன் என்னுமிடத்தில் 1997 முதல், பழைய கருவிகளைக் கொண்டே, பதிமூன்றாம் நூற்றாண்டு முறையில் ஒரு கோட்டையைப் புதிதாகவே கட்டிவருகிறார்கள். குடும்பம் குடும்பமாகப் போய் ஒரு கல்லை எப்படிச் செதுக்குவது, எப்படித் தூக்குவது என்று பார்க்கிறார்கள். இங்கிலாந்தில் பழைய உள்நாட்டுப் போர்களை அதே உடையில் நடித்துக் காட்டுவதற்கென்றே சங்கங்கள் இருக்கின்றன. குண்டு பட்டு விழுந்தவர் சிறிது நேரம் புல்லில் கிடந்துவிட்டு, எழுந்து தேநீர் குடிக்கப் போகிறார்.

இந்தக் கடைசி வகை நமக்கு வேண்டாம் என்பது நம் அபிப்பிராயம். அவர்கள் நடிப்பது தங்களுக்குள்ளேயே நடந்து, காயம் ஆறிப்போன சண்டையை. வேலூர்ச் சுவரோரம் நம் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, எதிரே அட்டைத் துப்பாக்கியுடன் வேறு பிள்ளைகளை நிறுத்தினால், அது கல்வியுமன்று, அஞ்சலியுமன்று. இல்லாளின் பலூன் ஆட்சேபம் இங்கே முற்றிலும் செல்லும்.

ஆனால் மஹாராஷ்டிரத்தைப் பாருங்கள். தீபாவளி வந்தால் அங்கே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பிள்ளைகள் மண்ணைக் குழைத்துச் சிறு கோட்டை கட்டி, மதில் வைத்து, கடுகு, கேழ்வரகு தூவிப் பச்சை முளைக்கச் செய்து, உச்சியில் சிவாஜி மஹாராஜின் பொம்மையை வைக்கிறார்கள். டிக்கட் இல்லை, மேடை இல்லை, மந்திரி வர வேண்டியதில்லை. ஒவ்வொரு குழந்தையும் கோட்டை என்பது எப்படி நிற்கிறது என்பதைக் கையாலேயே படித்துவிடுகிறது. சிவாஜியின் படை 1677ல் வேலூரை முற்றுகையிட்டு, மறுவருஷம் பிடித்தது. 2025 ஜூலையில் மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக யுனெஸ்கோ ஏற்றபோது நம் செஞ்சியும் அவற்றில் ஒன்றாயிற்று. கோட்டையைக் கடன் வாங்கியவர்களிடமிருந்து விளையாட்டையும் கடன் வாங்கினால் குற்றமில்லை.

ஜூலை பத்தை ஒட்டிய சனி, ஞாயிறுகளில் அகழிக்கு வெளியே உள்ள மைதானத்தில் பள்ளிக்கு ஒரு மண்கோட்டை கட்டட்டும். மாலையில் தோற்பாவைக் கூத்து நடக்கட்டும். மராட்டிய நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் அந்தக் கலையில், ஆட்டுத்தோலில்தானே ராமனும் சீதையும் உருவாகி விளக்கின் முன் ஆடுகிறார்கள்? வண்ணார் மூட்டையும், 1806ஆம் வருஷத்து ராத்திரியும், 1816ல் இங்கே கொண்டுவரப்பட்டு 1832ல் இங்கேயே கண்மூடிய கண்டி மன்னன் விக்கிரம ராஜசிங்கனின் கதையும் அந்தத் திரையில் வரட்டும். சுடும் காட்சி வேண்டாம். திரை இருண்டால் போதும். ஞாயிறு காலையில் மாண்டவர்களை நினைக்கும்போது நோயாளியாய்ப் படுத்திருந்து மாண்ட வெள்ளைக்காரனையும் ஒரு நிமிஷம் நினைப்பதால் நம் சுதந்திரத்துக்குக் குறைவு வந்துவிடாது. மற்றபடி, அரசாங்கத்தின் பாதுகாப்பில் உள்ள புராதனக் கட்டடம். ஆணி அடிக்கக் கூடாது, அடுப்பு மூட்டக் கூடாது. குடிதண்ணீரும், ஸ்திரீகளுக்குச் சுத்தமான கழிப்பிடமும் முதலில் வேண்டும். இவை இல்லாத திருவிழா ஆண்களுக்கு மட்டுமே திருவிழா. 2019ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு, "அது வேலூர்க்காரர் கோட்டை" என்று நம் திருப்பத்தூரில் சிலர் பேசக் கேட்கிறோம். கோட்டையைக் கட்டியவர்கள் அந்த எல்லையை எதிர்பார்க்கவில்லை என்று மட்டும் சொல்லிவைக்கிறோம்.

திரும்பும் ரயிலில் இதையெல்லாம் இல்லாளிடம் விஸ்தரித்தோம். கடைசிவரையில் கேட்டுவிட்டு, "கழிப்பிடம் சரி, பொம்மலாட்டமும் சரி. பலூன் மட்டும் கூடாது" என்றாள்.

திங்கட்கிழமை இடைவேளையில் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் பெரிய கூச்சல். போய்ப் பார்த்தோம். நான்கு பக்கமும் மண்மதில். சுற்றிலும் வாய்க்கால் தோண்டிக் குழாய்த் தண்ணீர் விட்டிருந்தார்கள். ஒரு மூலையில் செங்கல் துண்டால் கோயில், அதன் பக்கத்தில் மசூதி, மாதா கோவில். ஷூ கம்பெனித் தாயாரின் மகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த தோல் கழிவுத் துண்டுகளை வெட்டி ஆட்கள் செய்துகொண்டிருந்தாள். யார் யார் எந்த வேஷம் என்பதில்தான் தகராறு. கில்லெஸ்பியாக இருக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. வண்ணார் வேஷத்துக்கு ஏழு பேர் போட்டி.